கிணற்றடியில் ஒரு புள்ளி

நேற்று ராத்திரி மறுபடியும் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'. 4கே டிஸ்க்கில். பாதி வரைக்கும்.

பாதி என்றால் சரியான பாதி. இடைவேளையோடு முதல் டிஸ்க் முடிந்துவிடுகிறது. இரண்டாவதைப் போட எழுந்திருக்க வேண்டும். எழுந்தேன். டிஸ்க்கைப் போடாமல் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

*

அலமாரியில் இந்த ஒரு படம் நாலு உருவத்தில் இருக்கிறது.

விஎச்எஸ் கேசட், இரண்டு. 2001 டிவிடி, இரண்டு டிஸ்க். 2012 ப்ளூரே, படம் முழுக்க ஒரே டிஸ்க்கில். அப்புறம் 4கே, மறுபடி இரண்டு.

4கே 2020இல் முதலில் வந்தபோது தனியாகக் கிடைக்கவில்லை. ஆறு படம் சேர்ந்த பெட்டி. அதில் 'காந்தி'யும் ஒன்று. அவ்வளவு காசு கொடுக்க முடியவில்லை. 2022இல் தகட்டு உறையில் தனியாக வந்தது. என்னிடம் இருப்பது அது.

ஒரே படத்தை எத்தனை தடவை வாங்குவது என்று வீட்டில் கேட்டார்கள்.

ஒரே படம் இல்லை.

*

மாமா யான்புவில் பதினாலு வருஷம் வேலை பார்த்தார். சவூதி. செங்கடல் கரை.

ஒரு விடுமுறையில் டெக் வந்தது. அடுத்த விடுமுறையில், பெட்டிக்குள் கைலிக்கும் டார்ச்சுக்கும் தைலப் புட்டிக்கும் நடுவில், இந்த இரண்டு கேசட்.

படத்தில் கர்னல் பிரைட்டன் இளவரசர் ஃபைசலிடம் பேசுகிறார். யென்போவுக்கு, அதாவது யான்புவுக்கு, பின்வாங்கிவிடுங்கள் என்கிறார். மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நம்ம ஊரு மாப்ள."

அறந்தாங்கிக்காரர் அவர்.

*

முதல் தடவை கேசட்டைப் போட்டபோது திரையில் ஒன்றுமே இல்லை. இசை மட்டும்.

ஹெட்டில் அழுக்கு என்று நிறுத்தினோம். மாமா டெக்கின் மூடியைக் கழற்றி, ஸ்பிரிட்டில் நனைத்த வெள்ளைக் காகிதத்தால் துடைத்தார். மறுபடி போட்டோம். மறுபடி கறுப்பு. பொறுமை போய், மோட்டார் சைக்கிள் வரும்வரை ஓட்டிவிட்டோம்.

*

இரண்டாவது கேசட்டில் பூஞ்சை.

ஒரு ஐப்பசி முழுக்க பீரோவின் அடித்தட்டில் கிடந்துவிட்டது. டேப் சுருளின் ஓரமெல்லாம் வெள்ளை. போட்டால் ஹெட் போய்விடும் என்று மாமா தொடவே விடவில்லை.

அதனால் பல வருஷம் எனக்கு இந்தப் படம் இடைவேளையோடு முடிந்தது. அகபாவைப் பிடித்தாயிற்று. கெய்ரோவுக்கு வந்தாயிற்று. ஜெனரல் ஆலன்பி மேஜராக்கிவிட்டார். சுற்றிலும் அதிகாரிகள், பாராட்டு. சுபம்.

டெரா தெரியாது. டமாஸ்கஸ் தெரியாது. படுகொலை நடந்த கிராமம் தெரியாது.

டிவிடி வாங்கும்வரை என் லாரன்ஸ் தோற்கவே இல்லை.

*

அந்தக் கிராமத்தின் பெயர் தஃபாஸ். முதல் பாதியில் கிணற்றடியில் சுடப்பட்டுச் சாகும் வழிகாட்டியின் பெயரும் தஃபாஸ்.

*

கால அளவு. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

1962 டிசம்பர் 10, லண்டன், முதல் காட்சி: 222 நிமிஷம்.

சில வாரங்களில் 20 நிமிஷத்தை வெட்டினார்கள். 202.

1971 மறுவெளியீடு: 187.

1989இல் ராபர்ட் ஹாரிஸ், ஜிம் பெய்ன்டன் இருவரும் மீட்டெடுத்த படி, முன்னிசை, இடையிசை எல்லாம் சேர்த்து 227.

227ஐ என் ஊர் டேப்பில் ஓட்டினால் 218.

*

இந்தக் கடைசி வரி பிழை இல்லை. பிஏஎல் முறை. சினிமா விநாடிக்கு 24 பிரேம். நம் பக்கத்து டிவி விநாடிக்கு 25. படத்தை அப்படியே அதில் ஏற்றினால் நூற்றுக்கு நாலு வேகம் கூடும். ஒன்பது நிமிஷம் எங்கும் வெட்டாமலேயே காணாமல் போகும்.

குரலும் ஏறும்.  கணக்குப்படி அரைச் சுரத்துக்கும் சற்றுக் குறைவு. காதுக்குத் தெரியாது என்பார்கள்.

தெரிகிறது. ப்ளூரேயில் முதல் தடவை மொரீஸ் ஜார் இசையைக் கேட்டபோது வேறு யாரோ வாசிப்பது போல் இருந்தது. கனமாக. நிதானமாக.

ஒட்டகங்களும் நிதானமாக நடந்தன.

*

டேப்பில் படத்தின் அகலம் இல்லை.

இயக்குநர் டேவிட் லீன் எடுத்தது 2.20க்கு 1. அன்றைய டிவி 1.33க்கு 1. திரையை நிரப்ப வேண்டுமென்றால் பக்கவாட்டில் நூற்றுக்கு நாற்பது போய்விடும். ஐந்தில் இரண்டு பங்கு.

கிணற்றின் இந்தப் பக்கம் லாரன்ஸ். அந்தப் பக்கம், சுட்ட அலி. நடுவில் செத்த தஃபாஸ். டேப்பில் ஒரு சமயத்தில் ஒருவர்தான் தெரிவார். இவர் பேசும்போது இவர். அவர் பேசும்போது அவர்.

இரண்டு பேருக்கு நடுவில் எவ்வளவு மணல் என்று டேப்பில் தெரியாது.

*

டிவிடியில் மேலும் கீழும் கறுப்புப் பட்டை. பெரியம்மா பார்த்துவிட்டு, "பாதிய வெட்டிட்டான், பாரு" என்றாள்.

முழுப் படத்தையும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறோம்.

*

அந்தப் புள்ளி.

தஃபாஸ் தண்ணீர் எடுக்கிறான். தூரத்தில் ஏதோ. கானல் நீர். அதற்குள் ஒரு கறுப்பு. வளர்கிறது. ஆளா, ஒட்டகமா, இரண்டுமா. பேச்சில்லை. இசையில்லை. வந்துகொண்டே இருக்கிறது.

ஒளிப்பதிவாளர் ஃப்ரெடி யங் இதற்கென்றே பானாவிஷனிடம் 482 மி.மீ. லென்ஸ் ஒன்று செய்யச் சொல்லி வாங்கினார். கலை இயக்குநர் ஜான் பாக்ஸ், பார்ப்பவர் கண் அந்த இடத்துக்குப் போகும்படி தரையில் தடம் போட்டுவைத்தார்.

டேப்பில்: புள்ளியும் டேப் இரைச்சலும் ஒரே அளவு. எது அலி, எது அழுக்கு என்று சொல்ல முடியாது. தஃபாஸ் திரும்பிப் பார்த்த பிறகுதான் நானும் பார்த்தேன்.

டிவிடியில்: கானல் நீர் கட்டம் கட்டமாக உடைகிறது. அந்த நடுக்கத்தைச் சுருக்கிச் சேமிக்கத் தெரியவில்லை அதற்கு. ஒரு நொடி மணல் ஒட்டுப்போட்ட துணி மாதிரி. பிறகு சரியாகிறது.

ப்ளூரேயில்: புள்ளி. கீழே அதன் நிழல் தனியாக, தண்ணீரில் மிதப்பது போல.

4கேயில்: தஃபாஸுக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இது கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. அவனுக்கு முன்னால் நான் பார்த்துவிடுகிறேன். அவன் இன்னும் தண்ணீர் எடுத்துக்கொண்டிருக்கிறான்.

*

இதே படத்தில் இன்னொரு புள்ளி உண்டு. யாரும் அதிகம் பேசுவதில்லை.

நெஃபுத் பாலையைக் கடக்கிறார்கள். விடிகிறது. காசிமின் ஒட்டகம் மேலே ஆள் இல்லாமல் வருகிறது. ராத்திரி தூக்கத்தில் விழுந்துவிட்டிருக்கிறான். லாரன்ஸ் தனியாகத் திரும்பிப் போகிறான். பாலையின் விளிம்பில் தாவுத் என்ற பையன் ஒட்டகத்தின் மேல் உட்கார்ந்து காத்திருக்கிறான்.

காத்திருக்கிறான்.

புள்ளி.

பையன் ஒட்டகத்தை மெதுவாகக் கிளப்புகிறான். நம்பவில்லை இன்னும். அப்புறம் ஓட்டுகிறான்.

*

காசிமாக நடித்தவர் ஐ. எஸ். ஜோஹர். நம் ஜோஹர்தான், இந்திப் படத்து ஜோஹர்.

தனியாக நடந்து வரும்போது ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட்டுக்கொண்டே வருகிறார். தோள்பையை. தோட்டா வாரை. டேப்பில் ஏதோ விழுகிறது, என்னவென்று தெரியாது. ப்ளூரேயில் வார் மணலில் விழுந்து கிடக்கிற விதம்கூடத் தெரிகிறது.

மாமா ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் ஒன்றையே சொல்வார். டேப்பில் பார்த்தபோதும் இதுதான். டிவிடியிலும் இதுதான்.

"ஒட்டகம் வந்துருச்சு, ஆளக் காணோம். எத்தன பேரு போறான் கூட. ஒருத்தன் திரும்பிப் பாக்கல பாத்தியா."

*

காப்பாற்றிக் கொண்டுவந்த காசிமை அகபாவுக்கு முந்தைய இரவில் லாரன்ஸே சுட வேண்டி வருகிறது.

மாமா அப்போது தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார்.

*

மணலின் நிறம்.

டேப்பில் எல்லா மணலும் ஒரே மஞ்சள். வாதி ரம் ஆனாலும் சரி, மொராக்கோ ஆனாலும் சரி, ஸ்பெயின் ஆனாலும் சரி.

ஜோர்டானின் வாதி ரம் செம்மண் பூமி. ப்ளூரேயில்தான் அது சிவந்தது. காலையில் ரோஜா நிறம். உச்சியில் வெளிறிப்போய். பிறகு செங்கல்.

அகபா நகரம் அகபாவே இல்லை. ஸ்பெயினின் தென்கிழக்குக் கரையில், கார்போனெராஸ் பக்கத்தில், காய்ந்த ஆற்றுப்படுகையில் போட்ட செட். கெய்ரோவின் ராணுவத் தலைமையகமும் டமாஸ்கஸும் செவில் நகரக் கட்டடங்கள். மண் நிறம் ஒன்றாக இருந்தவரை ஊர் மாறியது தெரியவில்லை. இப்போது தெரிகிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது. படத்தை எடுத்தவர்கள் எவ்வளவு தூரம் அலைந்தார்கள் என்று தெரிகிறது.

*

மாமாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தார்கள். இடது கண்ணுக்கு நாள் குறித்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ப்ளூரே பார்த்தோம்.

ஒரு கண்ணை மூடினார். திறந்தார். மற்றதை மூடினார்.

"இதுல பாத்தா மஞ்சப் பிரிண்ட்டு. இதுல பாத்தா நீலப் பிரிண்ட்டு மாப்ள."

எது சரி மாமா என்று கேட்டேன்.

வெகுநேரம் மாற்றி மாற்றிப் பார்த்தார். வானத்துக்கு வலது கண் என்றார். மணலுக்கு ஒன்றும் சொல்லவில்லை.

*

லாரன்ஸின் வெள்ளை அங்கி.

உடை அமைத்தவர் ஃபிலிஸ் டால்டன். படம் போகப்போக அங்கியின் துணியை மெலிசாக்கிக்கொண்டே போனார். தொடக்கத்தில் கனத்த துணி. கடைசியில் ஆவி மாதிரி. ஆள் கரைந்துகொண்டே போக வேண்டும் என்று.

டேப்பில் வெள்ளை என்பது ஒரு வெளிச்சம், அவ்வளவுதான். ஓரம் சிந்தி வானத்தில் கலந்துவிடும்.

ப்ளூரேயில் நெசவு தெரிகிறது. இழை எண்ணலாம் போல. ரயிலின் மேல் நடக்கும் இடத்தில் துணிக்குள்ளே வெயில்.

அந்தப் பெண் செய்த வேலை வீட்டுத் திரைக்கு வந்துசேர ஐம்பது வருஷம் ஆகியிருக்கிறது.

ஏழு ஆஸ்கர் இந்தப் படத்துக்கு. உடைக்கு இல்லை. பரிந்துரைகூட இல்லை.

*

படம் முழுக்கப் பேசும் பெண் பாத்திரம் ஒன்றுகூடக் கிடையாது.

வெட்டி ஒட்டியவர் ஆன் கோட்ஸ். பெண்.

லாரன்ஸ் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். அடுத்த கணம் பாலைவனத்தில் சூரியன் எழுகிறது. திரைக்கதையில் எழுதியபடி அது ஒன்றுக்குள் ஒன்று கரைய வேண்டிய இடம். வெட்டு மேசையில் நேரடியாக ஒட்டிப் பார்த்தபோது அதுவே நன்றாக இருந்தது. லீன் இன்னும் செம்மைப்படுத்தச் சொல்ல, கோட்ஸ் இரண்டு பிரேமை எடுத்தார்.

இரண்டு பிரேம். விநாடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

படத்தின் நீளத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். மூன்று லட்சத்து இருபத்தாறாயிரம் பிரேம் சொச்சம். நீட்டி வைத்தால் ஏறக்குறைய 7.8 கிலோமீட்டர் பிலிம்.

அதில் இரண்டு.

*

குரல்கள்.

வெட்டி எறிந்த துண்டுகளில் பலவற்றுக்குப் படம் கிடைத்தது, ஒலி கிடைக்கவில்லை. 1988இல் நடிகர்களை மறுபடி கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். லாரன்ஸாக நடித்த ஓ'டூல், கின்னஸ், குவின், கென்னடி.

ஓ'டூலுக்கு அப்போது ஐம்பத்தாறு. திரையில் இருக்கிறவனுக்கு முப்பதுகூட ஆகவில்லை. தன் இளம் வாய்க்குள் தன் கிழக் குரலை வைத்திருக்கிறார்.

ஹெட்போன் போட்டுக்கொண்டு ப்ளூரேயில் அந்த ஒட்டைத் தேடினேன். ஒரு ராத்திரி முழுக்க. சில இடத்தில் பிடிபடுகிறது. குரலின் அடியில் ஒரு மணல்.

டேப்பின் இரைச்சலில் எல்லாக் குரலும் ஒரே வயது.

*

ஆலன்பியாக நடித்த ஜாக் ஹாகின்ஸ் 1973இலேயே போய்விட்டார். அதற்கு முன்பே, 1966இல், தொண்டைப் புற்றுநோய் அவர் குரல்வளையை எடுத்துக்கொண்டது. அதன் பின் நடித்த படங்களில் சார்லஸ் கிரே பல தடவை அவருக்குக் குரல் கொடுத்தார்.

1989 படியிலும் விட்டுப்போன வரிகளுக்கு அதே சார்லஸ் கிரே.

ஒருவருடைய உதட்டை அவ்வளவு வருஷம் பார்த்துப் பார்த்துப் பேசியவர். ஆள் இறந்து பதினைந்து வருஷம் கழித்து மறுபடியும் அதே உதடு.

*

1966இல் தொலைக்காட்சிக்காக எடுத்த படி ஒன்றில் சில காட்சிகள் தவறுதலாக இடவலம் மாறிப் பதிந்துவிட்டன.

லீன் இந்தப் படத்தில் பயணத்தை ஏறக்குறைய எப்போதும் இடமிருந்து வலமாகவே வைத்தார். போகிறார்கள், போகிறார்கள் என்ற உணர்வு வருவதற்காக.

மாறிப் பதிந்த இடங்களில் அவர்கள் திரும்பி வந்துகொண்டிருந்திருப்பார்கள்.

அரபி எழுத்து வலமிருந்து இடம்.

*

திரைக்கதை என்று முதலில் ராபர்ட் போல்ட் பெயர் மட்டும்தான் வந்தது. முதல் வரைவுகளை எழுதியவர் மைக்கேல் வில்சன். ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர். 1978இல் இறந்தார். அகாதமி அவர் பெயரைப் பரிந்துரைப் பட்டியலில் சேர்த்தது 1995இல்.

பிரேம் பிரேமாக மீட்கிறார்கள். பெயரும் மீட்க வேண்டிய பொருள்தான்.

*

விரிசல்கள்.

2012 ப்ளூரேக்காக சோனியில் குரோவர் கிரிஸ்ப் தலைமையில் மூல 65 மி.மீ. நெகட்டிவையே 8கேயில் ஸ்கேன் செய்தார்கள். ஒரு பிரேம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் அகலம். சாதாரண 35 மி.மீ. பிரேமைப் போல் இரண்டு பங்குக்கும் அதிகம்.

ஸ்கேன் செய்து பெரிதாக்கிப் பார்த்தால், பாலைவனக் காட்சிகளில் நுண்ணிய விரிசல். செங்குத்தாக. நெகட்டிவின் மேல்படலமே வெடித்திருக்கிறது. வெயிலின் சூடு காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

அவற்றை ஒவ்வொன்றாக நீக்க வேலை பார்த்தார்கள். மாதக்கணக்கில்.

நீக்கியாயிற்று. சுத்தமாக இருக்கிறது படம்.

ஜோர்டான் வெயில் அந்த பிலிமில் எழுதியது இரண்டு விதமாக. ஒன்று லென்ஸ் வழியாக. மற்றது நேராக. முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் துடைத்துவிட்டார்கள்.

துடைத்தது சரி. எனக்கு அதில் சந்தேகமில்லை. ஆனால் துடைக்காத ஒரு பிரேமை எங்காவது பார்க்கக் கிடைத்தால் பார்ப்பேன்.

*

நடுவில் 2003இல் சூப்பர்பிட் என்று ஒரு டிவிடி. கூடுதல் சங்கதி ஒன்றும் கிடையாது. பேட்டி இல்லை, படப்பிடிப்புப் படங்கள் இல்லை. டிஸ்க்கில் உள்ள இடமெல்லாம் படத்துக்கே.

நண்பர் ஒருவரிடம் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தேன். கானல் நீர் கொஞ்சம் குறைவாக உடைந்தது.

அந்த எண்ணம் எனக்குப் பிடித்தது. இடமெல்லாம் படத்துக்கு.

*

சுத்தமான படம் சிலரைக் காட்டிக்கொடுக்கிறது.

ஆண்டனி குவினின் மூக்கு. அவுதா அபூ தாயிக்காக ஒட்டிய பொய் மூக்கு. டேப்பில் கழுகு மூக்கு. 4கேயில் ஓரம் தெரிகிறது.

அலெக் கின்னஸின் முகத்துக் கறுப்பு. காதருகே அது எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. முப்பது வருஷம் அவரை ஃபைசலாக மட்டுமே பார்த்தேன். இப்போது ஒரு ஆங்கிலேயர் நிறம் பூசி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அவர் கண்கள் மட்டும் எல்லாப் படியிலும் ஒரே மாதிரி இருக்கின்றன. களைத்த, எல்லாம் தெரிந்த கண்கள்.

*

சூயஸ் கால்வாய். மணல் மேட்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் போகிறது. தண்ணீர் தெரியாது. கப்பல் மணலில் போவது போல்.

டேப்பில் கப்பலின் புகைபோக்கி மட்டும் வந்து போனது. அகலம் இல்லையே. மாமா அதை ஏதோ ஆலை என்று நினைத்தார்.

அக்கரையில் மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் நின்று, நீ யார் என்று கத்துகிறான். இரண்டு தடவை. அந்தக் குரல் டேவிட் லீனுடையது.

லாரன்ஸ் பதில் சொல்வதில்லை. முகம் முழுக்கத் தூசி.

4கேயில் தூசி அடுக்கடுக்காக இருக்கிறது. கண்ணிமை மேல் வெளிறிய அடுக்கு. கன்னத்தில் தடித்த அடுக்கு. அதற்குள்ளே நீலக் கண்.

*

2012 பெரிய பெட்டியில் 70 மி.மீ. பிலிம் துண்டு ஒன்று வைத்துத் தந்தார்கள். ஒரே ஒரு பிரேம். நான் வாங்கியது சாதாரண டிஸ்க். வாங்கிய ஒருவர் வீட்டில் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

ஓரங்களில் துளைகள். நடுவில் கட்டைவிரல் அளவு ஒரு வானம்.

இவ்வளவு நேரம் எழுதிய எல்லாப் படிகளையும்விட அந்த ஒரு துண்டு கூர்மையாக இருந்தது. அசையவில்லை. அவ்வளவுதான் குறை.

*

ஸ்கேன் 8கே. என் டிஸ்க் 4கே. அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி. நெகட்டிவில் இருப்பது இன்னும் முழுசாக வீட்டுக்கு வரவில்லை.

*

மாமா 4கே பார்க்கவில்லை. கூப்பிட்டேன். போன தடவையே நன்றாகத் தெரிந்தது, இதுக்கு மேல் என்ன தெரியணும் என்றார். இடது கண்ணும் ஆகிவிட்டது இப்போது.

போனில் ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தக் காசிம் வர்ற எடத்துல, அவன் மொகம் தெரியுதா?"

தெரிகிறது மாமா என்றேன். உதடு வெடித்திருப்பதுகூடத் தெரிகிறது.

சரி என்று வைத்துவிட்டார்.

*

அந்த இரண்டாவது கேசட் இன்னும் இருக்கிறது. பூஞ்சையோடு. ஒட்டிய சீட்டில் மாமாவின் கையெழுத்தில் '2'. தூக்கிப் போடவில்லை. ஓட்டிப் பார்க்கவும் இல்லை.

*

மணி ஒன்று. இரண்டாவது டிஸ்க்கைப் போட்டேன். இடையிசை. கறுப்புத் திரை.

டேப்பில் ஹெட் அழுக்கு என்று நினைத்த அதே கறுப்பு. நாலு படிகளிலும் இந்த இடம் மட்டும் மாறவில்லை. வெட்டிய அகலம் இல்லை, மாறிய நிறம் இல்லை, விரிசல் இல்லை. தியேட்டரில் விளக்கு அணையும்போது ஜனங்கள் வந்து உட்காருவதற்காக லீன் வைத்தது.

முதல் டிஸ்க்கின் தொடக்கத்தில் இதே கறுப்பில் முன்னிசை நாலு நிமிஷத்துக்கும் மேல் ஓடும். டிம்பனி முழக்கத்தில் ஆரம்பிக்கும். எந்தப் படி உங்கள் கைக்குக் கிடைத்தாலும் சரி, பழைய டிவிடியானாலும் சரி, அந்த நாலு நிமிஷத்தை ஓட்டிவிடாதீர்கள். விளக்கை அணைத்துவிட்டு உட்காருங்கள்.